கம்புப் பூஞ்சையும் இசக்கிமுத்து அண்ணாச்சியும்

செய்தி வந்தபோது நான் அகார் ஊற்றிக்கொண்டிருந்தேன். பூஞ்சை வளர்ப்பதற்காகக் காய்ச்சிய அகாரைக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, குடுவைக்குள்ளேயே உறைந்துவிடும். ஆறாவது தட்டில் இருக்கும்போது கைப்பேசி அடித்தது. பக்கத்தில் நின்ற சக ஆய்வாளர் பிராஜக்தா அதை எடுத்து என் காதில் வைத்தாள். அண்ணாச்சியின் மகள் மாரிச்செல்வி பேசினாள். முதலில் இந்தியில், "மேடம், அப்பா நஹீ ரஹே" என்றாள். யாரிடம் பேசுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்ததுபோலத் தமிழுக்கு வந்தாள். "அப்பா போயிட்டாவ மேடம். சாயா குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தாவ, அவ்வளவுதான்." மிச்சமிருந்த பதினான்கு தட்டுகளையும் ஊற்றி, மூடி, அடுக்கிவைத்துவிட்டுத்தான் நான் அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அண்ணாச்சி என்னை மன்னித்திருக்க மாட்டார்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பணி ஓய்வு நாளன்று மேடையில் "இசக்கிமுத்து" என்று வாசித்தபோது, யார் அது என்று என் பக்கத்திலிருந்த ஒருவர் கேட்டார். இருபத்தேழு வருடம் அண்ணாச்சி கழுவிக் கொடுத்த குடுவையில் வேலை பார்த்த மனிதர். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபப்படும் தகுதி எனக்கு இருக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அண்ணாச்சி தாராவியில் ஒரு தோல் பட்டறையில் எட்டு வருடம் இருந்துவிட்டு எங்களிடம் உதவியாளராக வந்தவர். மழைக்காலத்தில் தோல் பைகளின்மேல் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். துணியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து அதைத் துடைப்பது அவர் வேலை. இங்கே வந்த முதல் வாரம் பூஞ்சை வளர்ப்பு அறையை அவரிடம் ஒப்படைத்தோம். வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பூஞ்சை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எட்டு வருசம் இத தொடச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப சோறு போட்டு வளக்கச் சொல்லுதிய." அன்றிலிருந்து அந்த அறை அவருடையது. சாவிக்கு நகல் கிடையாது. இயக்குநர் கேட்டபோதும், எதற்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு, தானே கூட வந்து திறந்து காட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். வேண்டாத கிருமி ஏதாவது தட்டில் முளைத்துவிட்டால் "விருந்தாளி வந்திருக்காவ" என்பார். அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போக முடியாது.

எங்கள் பூஞ்சையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்பு பூக்கும் சமயத்தில் மழையும் மூட்டமும் சேர்ந்துகொண்டால் கதிரில் தேன் மாதிரிப் பிசுபிசுவென்று ஒழுகும். தேன் ஒழுகல் நோய் என்பார்கள். சில நாள் கழித்து, மணி இருக்கவேண்டிய இடத்தில் கருப்பாகச் சின்னக் கொம்பு போல ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. தெரியாமல் கம்போடு சேர்த்து அரைத்துச் சாப்பிட்டால் வாந்தியும் மயக்கமும் வரும். ஆனால் இதே குடும்பத்தில் இன்னொரு பூஞ்சையின் ஆல்கலாய்டிலிருந்துதான், பிரசவத்துக்குப் பிறகு நிற்காமல் போகும் இரத்தத்தை நிறுத்தும் ஊசிமருந்து பிறந்தது. விஷத்துக்கும் மருந்துக்கும் நடுவில் சில படிகள்தான் வித்தியாசம். அந்தப் படிகளைத்தான் நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம்.

ஆல்கலாய்டு ஒரே அடியில் உண்டாவதில்லை. டிரிப்டோஃபான் என்ற சாதாரண அமினோ அமிலத்தில் ஒரு நொதி ஒரு துண்டை ஒட்டும். அடுத்த நொதி இன்னொரு துண்டைச் சேர்க்கும். அதற்கடுத்தது வளையமாக மூடும். ஒவ்வொரு நொதியையும் செய்யச்சொல்லும் மரபணு ஒன்று உண்டு. பொதுவாக ஒரே வேலைக்கான மரபணுக்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். பூஞ்சையிலோ, ஆல்கலாய்டுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் கூட்டமாக நிற்கும். மரபணுத் தொகுதி என்கிறோம். ஒரு நாள் பிராஜக்தாவுக்காக இதைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். அவள் அப்போது முனைவர் பட்டத்துக்காக எங்களிடம் சேர்ந்திருந்த புதிது. குடுவைகளைத் திருப்பி வைக்க வந்த அண்ணாச்சி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்க தாராவி கல்லிச் சந்து மாதிரில்லா இருக்கு," என்றார். "ஒரு வீட்ல தோல வெட்டுவான், அடுத்த வீட்ல தைப்பான், அதுக்கடுத்த வீட்ல பக்கிள் மாட்டுவான். நடுவுல ஒருத்தன் கதவப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான்னு வைங்க, முந்தின வீட்டு வாசல்ல பாதிப் பையா குமிஞ்சு கெடக்கும்."

நாங்கள் செய்வதும் அதைத்தான். ஒரு மரபணுவை முடக்கிவிட்டு, எந்தப் பொருள் பாதியில் தேங்குகிறது என்று பார்த்தால் எந்தப் படி எதற்குப் பிறகு வருகிறது என்று தெரிந்துவிடும். கம்புப் பூஞ்சையின் தொகுதியில் கடைசி வீடுகள் சரியாக இயங்குவதில்லை. அதனால் சரக்கு பாதியிலேயே வெளியே வந்துவிடுகிறது என்று சொன்னேன். அவருக்கு அது வருத்தமாக இருந்தது. எல்லா வீடும் இருந்தும் எதிலும் வேலை நடக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று விளையாட்டாகக் கேட்டேன். "ஆர்டர் வரலன்னு அர்த்தம்," என்றார். மரபணு இருந்தாலும் அதை எழுப்பும் கட்டளை வராவிட்டால் அது பேசாது என்பதைப் புரியவைக்க நான் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தையும் மிச்சப்படுத்தித் தந்ததற்காகப் பிராஜக்தா அவருக்கு வடைபாவ் வாங்கிக் கொடுத்தாள்.

இந்தப் பூஞ்சைமேல் அவருக்குத் தனிப் பிரியம் இருந்ததற்குக் காரணம் உண்டு. மாரிச்செல்வி பிறந்தபோது அவர் மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை. ஓர் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. அது எதிலிருந்து வந்த மருந்து என்பது பல வருடம் கழித்து எங்கள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த மருந்து வேறு பூஞ்சையிலிருந்து வந்தது, நம்முடையது கம்பில் வளர்வது என்று நான் திருத்தினேன். எனக்கு எதையும் திருத்தாமல் இருக்க முடியாது. "சரி, அதுக்கு இது சொக்காரன்தான மேடம்," என்றார். பங்காளி முறைதான்.

பிராஜக்தாவின் நான்காவது வருடத்தில் பூஞ்சை மோசம் செய்தது. ஆல்கலாய்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வினைப்பொருளைச் சொட்டு விடுவோம். இருந்தால் நீலம் வரும். அந்த நீலம் மாதாமாதம் வெளிறிக்கொண்டே வந்து, ஒரு நாள் வரவேயில்லை. மரபணுக்களைச் சோதித்தோம். எல்லாம் இருந்தன, எதுவும் வேலை செய்யவில்லை. நான்கு மாதத்தில் திட்ட மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. அதற்குள் நீலம் திரும்பாவிட்டால் திட்டம் மூடப்படும், பிராஜக்தாவின் நான்கு வருடமும் போகும். அதே குழுவின் முன்தான் அண்ணாச்சியின் பதவி உயர்வுக் கோப்பும் வரவிருந்தது. உதவியாளராக இருந்தவர் தொழில்நுட்பராக ஆகவேண்டும். ஓய்வு பெறுவதற்கு முன் அவருக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. சம்பளத்தைவிட அந்தப் பெயர் அவருக்கு வேண்டியிருந்தது. மகளின் கல்யாணப் பத்திரிகையில் போட வேண்டும் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். தண்ணீரை எங்கே பிடித்தீர்கள், உப்பைச் சரியாக நிறுத்தீர்களா, குடுவையில் சோப்பு மிச்சமிருந்ததா என்று நான்கு பேர் முன்னால் கேட்டேன். மூன்று முறை எல்லா வளர்ப்பு ஊடகத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னேன். செய்தார். மூன்றாவது முறையும் நீலம் வரவில்லை. மறுநாள் அவர் தன்னுடைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மாதமும் பூஞ்சையைப் பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு மாற்றும்போது, அது பார்க்க எப்படி இருந்தது என்று பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு. முதல் வருடம்: சுருக்கம், காப்பிக் கலர், மெதுவா வளருது. இரண்டாம் வருடம்: ஓரத்தில் வெள்ளை. மூன்றாம் வருடம்: பஞ்சு மாதிரி வெள்ளை, வேகம். பக்கத்திலேயே நீலம் எவ்வளவு அடர்த்தி என்று பேனாவால் தீட்டியிருந்தார்.

"வெள்ள ஏற ஏற நீலம் கொறஞ்சிருக்கு மேடம்," என்றார்.

நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். ஒரே பூஞ்சையிலும் இரண்டு சாயல் உண்டு. ஆல்கலாய்டு செய்வது சுருங்கி, பழுப்பேறி, மெதுவாக வளரும். எதுவும் செய்யாமல் உடம்பை மட்டும் வளர்த்துக்கொள்வது வெள்ளையாக, அழகாக, சீக்கிரம் பரவும். மாதாமாதம் வெள்ளையாகப் பார்த்து எடுத்து மாற்றினால், வேலை செய்யாததை நாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம் என்று அர்த்தம். அவர் ஏன் வெள்ளையாகப் பார்த்து எடுத்தார்? அந்த அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குழாய் மாற்றும் முறை, ஏழு வரி. "வெண்மையாக, சுத்தமாக, நன்கு வளர்ந்த ஓரத்திலிருந்து எடுக்கவும்" என்பது நான்காவது வரி. எழுதியது நான். மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் நிறம் மாறிய தேங்காய்ச் சில்லைக்கூடத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பழுப்பு என்றால் கெட்டுப்போனது என்று வளர்ந்தவள் நான், அதையே ஆய்வுக்கூடத்துக்கும் சட்டமாக்கிவிட்டேன். அண்ணாச்சி அந்தத் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு நோட்டை மூடினார்.

வழியையும் அவர்தான் சொன்னார். "அத அதோட வீட்டுக்கு அனுப்பிப் பாப்போம்," என்றார். வீடு என்றால் கம்பங்கதிர். எங்களிடமிருந்த குழாய்களில் பழைய சாயல் எங்காவது கொஞ்சம் ஒளிந்திருந்தால், விதைபோல வித்து விட்டுப் பூவுக்குள் புகுவது அதுவாகத்தான் இருக்கும். வெறுமனே பஞ்சாகப் பரவும் வெள்ளைக்குப் பூவுக்குள் போகத் தெரியாது. கணக்குச் சரியாகத்தான் பட்டது, ஆனால் பம்பாய் மழையில் மொட்டைமாடியில் கம்பு வளர்ப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி பன்னிரண்டு தொட்டிகளில் விதைத்தார். மழை அடித்து நொறுக்காமலிருக்க மேலே பிளாஸ்டிக் கட்டினார். பூக்கும் முன்பே கிளிகளும் புறாக்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. பட்டறையில் பை தைத்த கை அல்லவா, ஒவ்வொரு கதிருக்கும் மல் துணியில் அளவெடுத்து ஓர் உறை தைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து பார்த்தார். பிளாஸ்டிக் பந்தலைப் பார்த்து, மேலே யார் வீட்டுக் கல்யாணம் என்று காவலாளி கேட்டதை எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தார்.

கதிர் பூத்ததும், எல்லாக் குழாய்களையும் கழுவி எடுத்த வித்துத் தண்ணீரைப் பிராஜக்தாவும் அவரும் தெளித்தார்கள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்று, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். மாடிக்கு ஓடினோம். பன்னிரண்டு தொட்டியில் ஒரே ஒரு கதிரில், கண்ணாடி மணி மாதிரி ஒரு துளி தேன் தொங்கிக்கொண்டிருந்தது. பிராஜக்தா சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்தத் துளியிலிருந்து வளர்த்த பூஞ்சை சுருங்கி, காப்பிக் கலரில், சோம்பேறித்தனமாக வளர்ந்தது. அதைப்போல அழகான எதையும் நான் பார்த்ததில்லை. குழு வருவதற்குப் பத்து நாள் முன்னால் சொட்டு விட்டோம். நீலம் வந்தது.

குழு வந்தது. முடிவுகளைப் பார்த்துத் தலையாட்டியது. பிறகு தலைவர், நடுவில் என்ன கோளாறு, யாருடைய தவறு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனா என்பது வேறு விஷயம், தட்டுகளைக் கொண்டுவந்து வைத்த அண்ணாச்சி இந்தியில் சொல்லிவிட்டார்: தவறு என் கையில் நடந்தது சாஹேப், நான்தான் வெள்ளையாகப் பார்த்து எடுத்தேன். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். அந்தத் தாள் என்னுடையது என்று சொல்ல எனக்கு முழுதாக இருபது நிமிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. திட்டம் நீடித்தது. அண்ணாச்சியின் கோப்பு, பணியில் கவனக்குறைவு என்ற வரியோடு திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் வளர்ப்பு அறைக்குப் போனேன். குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க பேரு கெட்டா வேலையே நின்னு போகும். எம் பேரு கெட்டா எதுவும் நிக்காது," என்றார்.

நான் குழுவுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். இப்போது வேண்டாம், பிராஜக்தா படித்து முடிக்கட்டும் என்றார். அடுத்த வருடம் அவள் படித்து முடித்தாள். நான் எழுதவில்லை. அதற்கடுத்த வருடம் மாரிச்செல்வியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் போட்டிருக்கவில்லை. அப்போதும் எழுதவில்லை. அவர் உதவியாளராகவே ஓய்வு பெற்று, திலக் நகரில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். நான் செம்பூரில்தான் இருக்கிறேன். ஆட்டோவில் பத்து நிமிடம். இரண்டு வருடத்தில் மூன்று முறை போனேன். மூன்று முறையும் பூஞ்சை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். நான் பூஞ்சையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பினேன். கூச்சம் என்று அதற்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன், அது கோழைத்தனம்.

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. அவர் மனைவியும் மாரிச்செல்வியும் முன்வரிசையில் இருந்தார்கள். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக இந்தியில் பேசினேன். நான்காவது வரியை எழுதியவள் நான். அவர் அதற்குக் கீழ்ப்படிந்தார். கோளாறைக் கண்டுபிடித்தவரும் சரிசெய்தவரும் அவர். பழியை ஏற்றவரும் அவர் என்றேன். குழுவுக்கு எழுதிய கடிதத்தையும் வாசித்தேன். கோப்பிலிருக்கும் அந்த வரியை நீக்கவும், ஓய்வு பெற்ற நாளிலிருந்தாவது அவரைத் தொழில்நுட்பர் என்று பதிவு செய்யவும் கேட்டிருக்கிறேன். இயக்குநர் அங்கேயே கையொப்பமிட்டு மேலே அனுப்பினார். நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். மாடிக் கதிரிலிருந்து எடுத்த அந்தப் பூஞ்சை இப்போது வேறு மூன்று ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது. முடங்கிய கடைசிப் படிகளை அதில் மறுபடி இயங்கவைக்கும் முயற்சியை, இன்று என் சக ஆய்வாளராக இருக்கும் பிராஜக்தா தொடங்கியிருக்கிறாள். பதிவேட்டில் பிரித்தெடுத்தவர் என்ற இடத்தில் இசக்கிமுத்து என்று எழுதினாள். அண்ணாச்சியின் நோட்டுகளைப் படிப்பதற்காக அவள் தமிழ் எழுத்தும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மாரிச்செல்வி என்னிடம் வந்தாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அந்தப் பத்திரிகை நினைவுக்கு வந்தது.

"அப்பா எங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்காவ மேடம்," என்றாள். "அம்மா ஒங்கள ஏசும்போதெல்லாம் அப்பா சொல்லுவாவ, அவிய ஒரு நாள் சொல்லிருவாவ, கொஞ்சம் நேரம் ஆவும்னு."

அறைச் சாவி பிராஜக்தாவிடம் இருக்கிறது. நோட்டுகளும் அவளிடம்தான். அண்ணாச்சி எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு வாக்கியம். என்னைப்பற்றி நானே நம்பாத ஒன்றை அவர் இத்தனை வருடமும் நம்பி, வீட்டில் எனக்காக வாதாடியும் இருந்திருக்கிறார். அவர் இருக்கும்போதே நான் அதை மெய்யாக்கியிருக்கலாம். இனி என்னோடு வேலை செய்யும் யாரையும் அவ்வளவு நேரம் காக்க வைக்க மாட்டேன்.